எதிர்வீட்டு மஞ்சள்

பாலம்மாள் வருகிறாள் என்று தெரிந்ததும் பெலிக்ஸ் முதலில் செய்த காரியம், ஸ்டாண்டில் இருந்த படத்தைப் பழைய வேட்டியால் மூடியதுதான். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன்னால் அவள் தன் புருஷனின் கண்களைப் பார்த்துவிடக் கூடாது.

அவள் புருஷன் பிச்சைமணி குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவராக இருந்தார். பெலிக்ஸ் தென்காசியில் டிராயிங் மாஸ்டர். குத்துக்கல்வலசையில் இருக்கும் வீட்டின் மாடியில் முகங்களை வரைவான். அநேகமாக எல்லாம் செத்தவர்களின் முகங்கள். ஆதார் கார்டையோ, வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோவையோ கொடுத்துவிட்டு, "கொஞ்சம் செவப்பா போடுங்க சார்" என்பார்கள். அவனும் போடுவான். உயிரோடு இருக்கிற ஒருவரை எதிரே உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி ஒன்றாவது வரைந்துவிட வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. சித்திரையில் சென்னையில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அதைத்தான் அனுப்புவதாக இருந்தான்.

சாரல் முடிந்து அருவிக்கரை வெறிச்சோடிய புரட்டாசியில், தோளில் வெள்ளைத் துண்டோடு பிச்சைமணி வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒரு ஆளத் தொட்டுப் பாத்தா எங்கன வலின்னு சொல்லிருவேன். சார்வாள் தொடாமலேல்லா பாக்கிய. என்ன தெரியுது?"

"ஒங்க மூக்கு கோணல்னு தெரியுது அண்ணாச்சி."

"பாலம்மா குத்துன குத்துல்லா அது. அதையும் போட்டிருங்க. ஊரு பாக்கட்டும்."

பெலிக்ஸ் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிரஷ் காம்பால் புருவத்துக்கும் மூக்குக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தான். முதலில் வெறும் பழுப்பில் வெளிச்சமும் நிழலும். அது காய்ந்த பிறகு அதன்மேல் தோல். நெற்றிக்கு ஒரு கலவை, மோவாய்க்கு வேறொன்று. கண்ணின் வெள்ளை உண்மையில் வெள்ளை இல்லை. துளி நீலமும் துளி கறுப்பும் சேர்ந்த சாம்பல் அது. அந்தச் சாம்பல் கச்சிதமாக வந்த அன்று அவன் விசிலடித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினான்.

ஐப்பசியில் அதே சாம்பல் முகத்தோடு ஒட்டவில்லை. எதிரே இருப்பவரின் கண் மஞ்சளாகத் தெரிந்தது. எதிர்வீட்டைக் கட்டி முடித்து அப்போதுதான் மாம்பழ நிறம் அடித்திருந்தார்கள். அந்தச் சுவரில் பட்ட வெயில் திரும்பி ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. பக்கத்து நிறம் முகத்தில் ஏறும் என்பது படம் வரைகிற எவருக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே பெலிக்ஸ் கொஞ்சம் மஞ்சளைச் சேர்த்தான். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கன்ன எலும்பு அவன் வரைந்திருந்ததைவிடத் துருத்தித் தெரிந்தது. தன் கோடுதான் தப்பு என்று சுரண்டி எடுத்துத் திருத்தினான்.

பிச்சைமணி முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"அசையாம இரிங்க அண்ணாச்சி."

"அரிக்குதுடே. ராத்திரி ஒறக்கமே கெடையாது."

"அஞ்சு நிமிஷம். கண்ணை மட்டும் முடிச்சிருதேன்."

"ஏலே, கண்ணை முடிச்சிராதலே!" என்று அவர் சிரித்தார். பெலிக்ஸும் சிரித்தான். அன்று அந்தக் கண்ணை முடித்தான். மிச்ச நேரத்தில் தோள் துண்டையும் முடித்தான்.

கார்த்திகையில் அவர் வரவில்லை. அருவியில் ஐயப்பன் சாமிகளின் கூட்டம், மனுஷனுக்குக் கை ஓயாத வேலை என்று பெலிக்ஸ் நினைத்துக்கொண்டான். அவர் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். மார்கழியில் போய்விட்டார். ஈரல். ஐப்பசியிலேயே கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக, அவன் துக்கம் கேட்கப் போன துஷ்டி வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அன்று வீடு திரும்பிய பெலிக்ஸ் படத்தின் முன்னால் நின்றான். கண் மஞ்சள். தோள் துண்டு வெள்ளை. ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில், ஒரே ஜன்னலோரத்தில் வரைந்தவை. சுவரின் மஞ்சள் ஏறியிருந்தால் துண்டிலும்தானே ஏறியிருக்கும்? துண்டை வெள்ளையாகப் பார்த்து வெள்ளையாகவே வரைந்தவனும் அவன்தான்.

பாலம்மாள் மாடியேறி வந்து மூச்சு வாங்கினாள். பெலிக்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"மதினி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல ஆளக் காட்டுங்க தம்பி."

அவளே போய் வேட்டியை இழுத்தாள். பிறகு விரலால் மூக்கைக் காட்டினாள். "கோணலக்கூட விடலியே! பாவி மனுசன் சொல்லியிருப்பாரே, நான் குத்துனதுன்னு. மாடு முட்டுனது தம்பி." சிரிக்கப் போனவள் சட்டென்று நிறுத்தினாள். "கண்ணு மஞ்சளா இருக்கு."

"ஐப்பசிலயே பாத்துட்டேன் மதினி."

"நான் பக்கத்துலயே கெடந்தவ. எண்ணெ பட்டுப் பட்டு அப்பிடி ஆயிட்டுன்னு பன்னீர வாங்கி ஊத்துனேன். ஒங்களுக்குத்தான் சரியாத் தெரிஞ்சிருக்கு."

பாராட்டாகத்தான் சொன்னாள். அதைப் பாராட்டாகவே விட்டுவிடலாமா என்று பெலிக்ஸுக்கு ஒரு கணம் தோன்றியது.

"தெரிஞ்சிது மதினி. நோவுன்னு நெனைக்கல. செவுத்து மஞ்சள்னு நெனச்சேன். அவர் சொறிஞ்சப்ப அசையாதியன்னு சொன்னேன். அவர்ட்ட ஒரு வார்த்த கேக்கல."

பாலம்மாள் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

"கேட்டிருக்கலாம் தம்பி," என்றாள்.

கீழே தெருவில் மீன்காரர் குரல் கொடுத்துவிட்டுப் போனார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத வெள்ளையாக்க முடியுமா? வீட்டுல மாட்டணும். வாரவுக போறவுகல்லாம் கண்ணு ஏன் இப்பிடி இருக்குன்னு கேப்பாவ. எனக்குப் பதில் சொல்ல ஏலாது."

உள்ளதை உள்ளபடி என்று அவன் வாதாடவில்லை. கண்காட்சியைப் பற்றிய பேச்சையும் எடுக்கவில்லை. தட்டில் வெள்ளையைப் பிதுக்கி, துளி நீலமும் துளி கறுப்பும் சேர்த்துக் குழைத்தான். புரட்டாசியில் வந்த அதே சாம்பல் வந்தது. வலது கண்ணில் ஒரு தீற்றல், இடது கண்ணில் ஒரு தீற்றல்.

பாலம்மாள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான் மதினி," என்றான் பெலிக்ஸ்.