பின்சீட்டிலிருந்து ஓர் அழைப்பு

மக்பூல் அகமது சாயபுவின் காரில் இருந்த அந்தச் சின்னப் பெட்டிக்கு ஆம்பூரும் தெரியாது, வேலூரும் தெரியாது. ஜெர்மனியில் நடந்த காலணிக் கண்காட்சிக்கு அவர் போயிருந்தபோது, அவருடைய கம்பெனி ஷூக்களை வாங்குகிற வியாபாரி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த நேவிகேட்டர் அது. காரில் ஒட்டிவைத்தால் வழி சொல்லும். ஆனால் அதற்குள் இருந்த வரைபடமெல்லாம் ஜெர்மனியுடையது. ஆம்பூரில் வண்டியைக் கிளப்பினால், வெள்ளைத் திரையில் ஓர் அம்புக்குறி மட்டும் தோன்றி, ஊரும் இல்லாமல் ரோடும் இல்லாமல் வெட்டவெளியில் போய்க்கொண்டே இருக்கும்.

"பாவம், அதும் நம்மள மாதிரிதான் ஜேக்கப். அங்க போய் நான் முழிச்சேன், இங்க வந்து அது முழிக்குது" என்று சாயபு தன் டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார்.

2007ஆம் வருடம் அது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெஃப்ரிதான் அந்தப் பெட்டிக்கு ஒரு பிழைப்பு காட்டினான். அதில் புளூடூத் இருக்கிறது, கைபேசியோடு இணைத்தால் கையில் எடுக்காமலே பேசலாம் என்றான். சாயபு தன் போனை இணைக்க ஒப்பவில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசிய பரம்பரை அவருடையது. தோல் விலையை ஒரு பெட்டி உரக்கச் சொல்வது அவருக்கு ஆகாது. "ஜேக்கப் போனுக்குப் போடு. எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு வீட்லருந்தும் கம்பெனிலருந்தும் அவனுக்குத்தான் ஜாஸ்தி போன் வருது. ஒத்தக் கையால ஓட்றான்" என்றார்.

பெட்டியை எங்கே ஒட்டுவது என்று ஜெஃப்ரி கேட்டபோது, "வலது மூலையில" என்று டிரைவர் ஜேக்கப் அவசரமாகச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜேக்கப்புக்கு இடது காது போய்விட்டிருந்தது.

டிரைவர் ஆவதற்கு முன்பு அவர் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில், ஷேவிங் மிஷினில் பல வருடங்கள் நின்றவர். தோலை ஒரே கனமாகச் சீவித் தள்ளும் அந்த மிஷின் அவருக்கு இடப்பக்கம் நின்று நாள் முழுவதும் அலறும். அப்போது ஒன்றும் தெரியவில்லை. காது கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றுக்கொண்டது. கடைசி இரண்டு வருடமாக இடப்பக்கத்து உலகம் பஞ்சு வைத்து அடைத்தாற்போல் ஆகிவிட்டது. முதலாளிகள் எல்லோரையும் போல சாயபுவும் பின்சீட்டில் இடது ஓரத்தில்தான் உட்காருவார். அவர் என்ன சொல்கிறார் என்பதைக் கண்ணாடியில் உதட்டைப் பார்த்தும், பழக்கத்தை வைத்தும் ஜேக்கப் ஊகித்துக்கொள்வார். ஊகம் தப்பினால் "சரிங்க பாய்" என்பார். அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

ஆனால் சமீபத்தில் அதிகம் தப்பியது. நிறுத்தச் சொன்ன இடத்தைத் தாண்டிப் போனார். போன வாரம் இடப்பக்கம் ஏறிவந்த லாரியின் ஹாரனைக் கேட்கவில்லை. சாயபுவின் அண்ணன் மகன் அஹமது பாஷா கம்பெனி மேனேஜர். "சித்தப்பா, இவருக்கு வயசாய்டுச்சு. பக்ரீத் முடிஞ்சதும் வேற ஆள் பாத்துடலாம்" என்று அவன் சொன்னது, நல்ல காதின் பக்கமாகவே ஜேக்கப்புக்குக் கேட்டுவிட்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கும் மனைவி ஞானசுந்தரி தினமும் சொல்வாள்: "வந்து ஒரு தடவ காத காட்டிட்டுப் போங்களேன்."

"காட்டினா காது போச்சுன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. அப்புறம் யாரு வண்டியத் தருவாங்க?"

காலையில் வண்டிக்கு முன் நின்று கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் அவர் கேட்டது ஒன்றுதான்: இன்று ஒரு நாள் தெரியாமல் போகட்டும். அப்படி ஒரு ஜெபத்தைக் கர்த்தர் என்ன செய்வார் என்று அவர் யோசிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் பெட்டி வந்தது. முதல் அழைப்பு சாயபுவின் மனைவி அன்வரி பேகத்திடமிருந்து. திரையைத் தட்டியதும் அவருடைய குரல் வலது காதுக்கு நேரே வந்து விழுந்தது. வெறும் சொல் மட்டுமல்ல. சொல்லுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவது, வளையல் உரசுவது, பின்னால் குக்கர் விசில், எல்லாம். ஜேக்கப் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர் குரல் இவ்வளவு நிறைவாக இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அன்று முதல் தினமும் மெல்லிய துணியால் அந்தப் பெட்டியைத் துடைத்தார். வழி தெரியாத பெட்டி என்று வாட்ச்மேன் கேலி செய்தபோது, "வழி தெரிஞ்சவன் எத்தினி பேர் நம்மகிட்ட இவ்ளோ தெளிவா பேசறான்?" என்றார்.

ஒரு வியாழக்கிழமை. மேல்விஷாரத்தில் சாயபுவின் நண்பர் வாஹித் பாஷாவின் தோல் ஷாப்பில் சரக்கு பார்த்துவிட்டு மதியம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரத்தினகிரி தாண்டுவதற்குள் திரையில் அன்வரி பேகத்தின் பெயர் வந்தது. ஜேக்கப் தட்டினார். பெட்டி வைத்த நாளிலிருந்தே அந்த அம்மாவுக்கு ஒன்று புரியவில்லை: ஜேக்கப்பிடம் ரகசியமாகக் கேட்பது காருக்குள் எல்லோருக்கும் கேட்கும் என்பது.

"ஜேக்கப், நெஜத்த சொல்லு. அங்க மக்கன் பேடா வெச்சாங்களா? சாப்ட்டாரா? போன தடவ சுகர் எவ்ளோ ஏறிச்சின்னு உனக்கே தெரியும்."

சாயபு அந்த இனிப்பைச் சாப்பிட்டதை ஜேக்கப் பார்த்திருந்தார். காட்டிக்கொடுக்கவும் முடியாது, பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தார். சாயபு தலையை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார், உதடு தெரியவில்லை.

"அம்மா... அது வந்து... நான் வெளிய வண்டிகிட்ட இருந்தேன்மா."

பிறகு அன்வரி பேகம் சிரித்தார். "ஏன்பா, அவரே சொல்றாரே. ரெண்டு சாப்ட்டேன், ராத்திரி சோறு வேணாம்னு சொல்லிடுன்னு. நாலு தடவ சொல்லிட்டார். ஆம்பூர்ல இருக்கற எனக்கே கேக்குது. முன்னாடி உக்காந்திருக்கற உனக்குக் கேக்கலியா?"

"சரிங்கம்மா" என்றார் ஜேக்கப். அழைப்பு அணைந்தது.

கார் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் இப்போது சாயபு நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. என்ன என்று பிடிபடவில்லை. "சரிங்க பாய்" என்றார் ஜேக்கப். கேட்டதற்கு அது பதில் இல்லைபோல, சாயபு தலையை ஆட்டிக்கொண்டார். முடிந்தது, இன்றோடு வண்டி முடிந்தது என்று ஜேக்கப் நினைத்தார்.

அப்போது பெட்டி மறுபடி ஒலித்தது. திரையில் வந்த பெயர் மக்பூல் அகமது.

ஜேக்கப்புக்கு முதலில் விளங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தார். சாயபு கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, வாயைக் கையால் பொத்தி, குனிந்து உட்கார்ந்திருந்தார். யாரோ தூரத்து ஊரில் இருக்கும் ஒருவருக்குப் பேசுவதுபோல.

தட்டினார். பெட்டி ஒருமுறை கீச்சென்றது. பிறகு குரல் தெளிந்தது.

"ஜேக்கப், நான்தான். அவசரமில்ல. ஓரமா மரம் எதுனா வந்தா நிறுத்துப்பா."

புளியமரம் ஒன்றின் நிழலில் ஜேக்கப் வண்டியை நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். இருவரும் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றது பெட்டி.

"இடது, பாய்."

"முழுசாவா?"

"முழுசா." அதற்குமேல் அவராகவே பேசினார். முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துப் பேசுவது எளிதாக இருந்தது. "போன வாரம் லாரி வந்ததும் எனக்குக் கேக்கலிங்க. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். வேலை போய்டும்னு பயந்தேன். பின்னாடி உக்காந்திருக்கற உங்க உயிரப் பத்தி யோசிக்கல. அதான் பெரிய தப்பு."

"ஷேவிங் மிஷின்ல நின்ன இல்ல நீ?"

"ஆமாங்க."

"எந்தக் கைப்பக்கம் மிஷின் இருந்துது?"

கேட்டவருக்கே பதில் தெரிந்திருந்தது. பெட்டியிலிருந்து நீண்ட மூச்சு ஒன்று வந்தது. தன் ஷாப்பில், தன் மிஷினில் போன காது என்பது சாயபுவுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் சாயபு குடும்பம் மதரஸா கட்டியதைச் சொல்வார்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்ததைச் சொல்வார்கள். ஒரு மனிதன் தன் குறையைத் தலைகுனியாமல் சொல்லட்டும் என்று, அவனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே போன் செய்ததை யாரும் எங்கும் எழுதி வைக்கப்போவதில்லை. ஆனால் இப்படிப்பட்ட சின்னக் காரியங்களைத்தான் மேலே இருப்பவர் முதலில் பார்க்கிறார் என்று நம்பத் தோன்றுகிறது.

அழைப்பை அணைத்துவிட்டு சாயபு இறங்கினார். சுற்றிவந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். "எழுந்திரு. அந்தப் பக்கம் போய் உக்காரு."

"பாய், நீங்க ஓட்டி எத்தினி வருஷமாச்சு..."

"அதனாலதான் மெதுவா ஓட்டப்போறேன். பயமா இருந்தா ஜெபம் பண்ணிக்கோ. நானும் துவா கேட்டுக்கறேன். ரெண்டுல ஒன்னு வேலை செய்யும்."

ஜேக்கப் முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: இப்போது அவருடைய நல்ல காது சாயபுவின் பக்கம் இருந்தது.

வண்டி இரண்டு முறை குலுங்கி நின்று, மூன்றாம் முறை கிளம்பியது.

"இத பாரு ஜேக்கப்" என்றார் சாயபு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பெட்டி இல்லாமல், உதட்டைப் பார்க்காமல், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "டாக்டர் பாக்கட்டும். காதுக்கு மிஷின் மாட்டிக்கிட்டு ஓட்டலாம்னு சொன்னா ஓட்டு. வேணாம்னு சொன்னா வேணாம், கம்பெனில வேற வேலை இருக்கு, சம்பளம் கம்மியாவாது. அஹமது பாஷாகிட்ட நான் பேசிக்கறேன். சரியா?"

ஜேக்கப் சாயபுவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வழக்கமா உடனே சரிங்க பாய்னு சொல்வியே."

"இப்பதான் பாய் கேட்டுட்டுச் சொல்றேன். சரிங்க."

வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரி வந்தது. சாயபு சொன்னபடி ஜேக்கப் தன் கைபேசியில் ஞானசுந்தரியை அழைத்தார். குரல் பெட்டியில் வந்தது. வார்டின் சந்தடியும் கூடவே வந்தது.

"இன்னாங்க, டூட்டில இருக்கேன். வண்டி ஓட்டினே பேசறீங்களா?"

"நான் ஓட்டல. பாய் ஓட்றாரு."

"பாயா? ஐயோ, உங்களுக்கு உடம்புக்கு இன்னா?"

ஜேக்கப் பதில் தேடுவதற்குள் சாயபு பெட்டியின் பக்கம் சாய்ந்தார். பேச்சு சரியாகக் கேட்க வேண்டுமே என்று ரோடு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டே பேசினார்.

"அம்மா, நான் மக்பூல் அகமது பேசறேன். ஜேக்கப் நல்லாத்தான் இருக்கார். காது டாக்டருக்கு இன்னைக்கே சீட்டு போட முடியுமான்னு பாரும்மா. என் மிஷின்ல போன காது அது. நானே கூட்டிட்டு வர்றேன்."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று சாயபு திரையைப் பார்த்தார்.

"இருக்கா பாய்" என்றார் ஜேக்கப். "அழுதுனு இருக்கா. எனக்குக் கேக்குது."