டென்மார்க்கில் இல்லாத மலை

பழைய சாமான் கடையில் வாங்கிய அந்தப் படத்தை ஞானரட்ணம் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் அறையில் மாட்டியது 1988 மாசியில். தகட்டில் செதுக்கி அச்சடித்த கறுப்பு வெள்ளைப் படம். செங்குத்துப் பாறை, அருவி, அடர்ந்த காடு, உச்சியில் ஒரு மரப்பொந்துக்குள் கையளவு மாதா. அடியில் பொடி எழுத்தில் ‘கோப்பன்ஹேகன், 1847’. அவன் மன்னார்க்காரன், சிறுவயது முழுக்க மடுக் காட்டுக்குள் மாதாவிடம் நடந்துபோனவன். காடும் மாதாவும் ஒன்றாக இருந்தால், அது இந்த நாட்டு மடுதான் என்பதற்கு அவனுக்கு வேறு சாட்சி வேண்டாம். மனைவி செலீனா வந்து சேர்ந்தால் இருவருமாக அந்த மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதென்று உடனே நேர்த்தி வைத்துவிட்டான்.

அவளை ஊரிலிருந்து இங்கே எடுக்க விண்ணப்பித்து ஒன்றரை வருடம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அதே கடிதம்தான் வரும். தேதி மட்டும் புதிது. அவளுக்கு வாங்கிய குளிர்ச் சப்பாத்து கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு கிடந்தது. நான் சைவம். ஆனால் என் மனைவியின் விண்ணப்பமும் அதே குடிவரவுக் கந்தோரில் தூங்கியதால், மாதாவுக்கு ஊதுபத்தி கொளுத்த நானும் தவறவில்லை.

பங்குனியில், வழி கேட்பதற்காகப் படத்தை டெனிஷ் வகுப்புக்குக் கொண்டுபோனான். டீச்சர் இங்கர் சிரிக்கத் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அது ஆல்ப்ஸ் மலையாம். ஓவியர் அங்கே வரைந்ததை இங்கே அச்சடித்தார்களாம். டென்மார்க்கில் மலையே கிடையாதாம்.

அன்று அவன் சாப்பிடவில்லை.

“இல்லாத மலைக்கு நேர்த்தி வைச்சிட்டன், அண்ணை. அதுதான் அவளின்ர அலுவல் அசையுதில்லை.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, என் மனைவியின் விண்ணப்பமும் நினைவுக்கு வந்தது.

“இந்த நாட்டில ஆக உயரமான இடம் எது எண்டு கேளும்.”

மறுநாள் கேட்டான். ஹோர்சன்சுக்குப் பக்கத்திலேயே காட்டுக்குள் ஒரு மேடு இருந்தது. நூற்றெழுபது மீற்றர் வரும்.

“அவ வரமுதல் செய்யலாமோ?”

“இஞ்ச எந்தக் கந்தோரிலயும் முதல் பத்திரம், பிறகுதானே அலுவல். மாதாவும் இப்ப டென்மார்க்கிலதான் இருக்கிறா.”

அவன் முகத்தில் அன்றுதான் சிரிப்பைக் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காட்டு வாசலில் சப்பாத்துகளைக் கழற்றினோம். குளிர் உள்ளங்காலில் கடித்தது. அவன் பையிலிருந்து செலீனாவின் சப்பாத்தை எடுத்து எங்களுடையவற்றுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அவளும் வெறுங்காலோடதானே ஏறவேணும்.”

நாயோடு நடந்துவந்த ஒரு கிழவர் சப்பாத்துகளைப் பார்த்தார், அவன் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், தொப்பியை உயர்த்திவிட்டுப் போனார். உச்சியில் அருவியுமில்லை, பாறையுமில்லை. ஒரு மரத்தடியில் படத்தைச் சாய்த்துச் செபமாலை சொன்னோம். எனக்குத் தெரியாத இடங்களில் தேவாரம் முணுமுணுத்தேன்.

இறங்கி வந்தபோது மூன்று சோடியும் அப்படியே இருந்தன. செலீனாவின் சப்பாத்துக்குள் ஒரு காய்ந்த இலை விழுந்திருந்தது. ஞானரட்ணம் அதை எடுக்கவில்லை. இலை விழுந்துவிடாமல் சப்பாத்தை இரண்டு கைகளிலும் நிமிர்த்திப் பிடித்தபடி பஸ் வரைக்கும் நடந்தான்.