நெடுங்கரிசலுக்கு எதிராக நெடுங்கரிசல்

வைப்பாற்றுக் கூட்டமைப்பிலிருந்து மற்றக் கல்லூரிகள் எல்லாம் விலகிப் போய்விட்டதால், அந்த வருடம் நெடுங்கரிசல் கல்லூரி தன்னோடு தானே கால்பந்து ஆட வேண்டியிருந்தது.

விலகிப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைநகர்க் கூட்டமைப்பு அவர்களைக் கூப்பிட்டது. அதன் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். நெடுங்கரிசலைக் கூப்பிடவில்லை. அதனால் நெடுங்கரிசல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தப் பக்கத்துக் கால்பந்து, முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. காலுக்கு அதில் ஓடுகிற வேலைதான். ஒரு கூட்டமைப்பில் இருக்கிற கல்லூரிகள் தங்களுக்குள் உள்ளூரிலும் வெளியூரிலுமாக ஆடி முடிக்க வேண்டும். ஆறு ஆட்டம் ஜெயித்த அணியை மார்கழி மாதத்தில் யாராவது கிண்ணத்துக்குக் கூப்பிடுவார்கள். ஊறுகாய்க் கிண்ணம், குக்கர் கிண்ணம், வேட்டிக் கிண்ணம் என்று கம்பெனிக்கு ஒரு கிண்ணம் உண்டு. கிண்ணம் கிடைக்காத கல்லூரியின் மைதானத்தில் கட்டடம் கட்டிவிடுவார்கள்.

உடற்கல்வி இயக்குநர் பால்வண்ணன் இந்த விஷயமாகக் கல்லூரி முதல்வர் கிருபாவதி அம்மாளைப் பார்க்கப் போனார். அணிக்குப் பயிற்சி கொடுப்பது பால்வண்ணன்தான்.

"பாதிப் பையன்களை உள்ளூர் அணியா வைங்க சார். மீதிப் பாதியை வெளியூர் அணியா அனுப்பிடுங்க," என்றார் முதல்வர்.

"எங்கே அனுப்ப மேடம்?"

"இங்கதான்."

பால்வண்ணன் அன்று சாயங்காலமே அணியை இரண்டாகப் பிரித்தார். அவருடைய மகன் ஆவுடையப்பன் தாவரவியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுக்கு அப்பு என்று பெயர். அணியிலேயே வேகமாக ஓடுகிறவன் அவன்தான். அவனைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நாலு பேர் பேசுவார்கள் என்று நினைத்து வெளியூர் அணியில் போட்டார். அந்த அணிக்குப் பயிற்சியாளராகத் தன் உதவியாளரான கோமதிநாயகத்தைப் போட்டார். கோமதிநாயகம் அவருடைய மனைவியின் தம்பி. பக்கத்துத் தெருவில் குடியிருப்பவன். மாமாவோடு இருந்தால் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்று அவர் நம்பினார்.

"மத்தவங்க பேசினா பேசிட்டுப் போறாங்க," என்றாள் அவர் மனைவி உலகம்மாள். "நம்ம பிள்ளைய எதுக்கு வெளியூராக்கணும்?"

"சீசன் முடியிற வரைக்கும்தானே."

உலகம்மாள் மகனுடைய உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தாள்.

வெளியூர் அணி என்றால் பயணம் செய்து வர வேண்டும். ஆட்ட நாளில் அவர்கள் முன்வாசலில் பஸ் ஏறி, புறவழிச்சாலையில் போய், பருத்தி மில்லைச் சுற்றி, ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, கல்லூரியின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். இறங்கும்போது அலுத்துப்போயிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர்களின் முகமெல்லாம் புழுதி. கல்லூரி விடுதியில் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்பதால் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கினார்கள்.

முதல் ஆட்டத்தில் உள்ளூர் நெடுங்கரிசல் ஜெயித்தது. அடுத்ததில் வெளியூர் நெடுங்கரிசல் ஜெயித்தது. எப்படி ஆடினாலும் கல்லூரிக்கு ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் சேர்ந்துகொண்டே வந்தன. ஊர்க்காரர்கள் உள்ளூர் அணிக்குக் கைதட்டினார்கள். வெளியூர் அணிப் பையன்களின் அப்பா அம்மாக்கள் முதலில் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டினார்கள். பிறகு அவர்களும் உள்ளூர் அணிக்கு மட்டும் தட்டினார்கள்.

தொடக்கத்தில் அப்பு லாட்ஜிலிருந்து வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தான். நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான். ஆவணி முடிகிற சமயத்தில் ஒரு நாள் வந்தவன், வாசலில் நின்று அழைப்புமணியை அடித்தான். உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். கொடுத்ததும் குடித்துவிட்டு, செம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். போகும்போது பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விசாரித்தான்.

"இடது கைப் பக்கம் திரும்பி நேரே போ," என்றார் பால்வண்ணன். அவன் தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றார்.

புரட்டாசியில் நடந்த ஆட்டத்துக்கு முன்னால், வழக்கப்படி இரண்டு பயிற்சியாளர்களும் மைதானத்தின் நடுவே வந்து கைகுலுக்கினார்கள்.

"உங்க ஊர் மைதானம் நல்லாருக்கு சார்," என்றான் கோமதிநாயகம்.

"மாப்ள, இந்த மண்ணை நீயும் நானும் நின்னுல்லா அடிச்சுப் போட்டோம்."

கோமதிநாயகம் மரியாதையாகச் சிரித்தான். "அப்படியா சார்? நாங்க இப்பத்தான் முதல் தடவையா இந்தப் பக்கம் வர்றோம்."

ஒரு மதியம் உலகம்மாள் தூக்குவாளியில் கத்தரிக்காய்ப் புளிக்கூட்டும் சோறும் எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனாள். திரும்பி வந்து வாளியைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பால்வண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாப்பிட்டானா?"

"நல்லாச் சாப்பிட்டான்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டிங்கான்," என்றாள்.

மறுநாள் பால்வண்ணன் முதல்வரிடம் போய், வெளியூர் அணியைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"பாதியில விட்டா எந்த ஊரும் இல்லாமப் போயிடுவாங்க சார்," என்றார் முதல்வர். "சீசன் முடியட்டும்."

அது சரிதான் என்று பால்வண்ணனுக்கும் பட்டது. அதற்குப் பிறகு ஆட்டத்தின்போது அவர் தன் அணியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எதிர் அணியில் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதை மட்டும் பார்த்தார். அவன் நன்றாக ஓடினான். முன்பைவிட நன்றாக. தோளைச் சற்றுத் தாழ்த்தி, பந்தை மார்போடு அணைத்து, யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி ஓடினான். அவர் அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஐப்பசி மழையோடு சீசன் முடிந்தது. இரண்டு அணியும் ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தன. மஞ்சள் கோட்டுப் போட்ட மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள். கொடிமலர் பெருங்காயக் கிண்ணத்தின் கமிட்டி அது. மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள், கேன்டீனில் வடை சாப்பிட்டார்கள், பிறகு அழைப்பைச் சொன்னார்கள். அந்த வருடம் கிண்ணங்கள் அதிகம், ஆறு ஆட்டம் ஜெயித்த அணிகள் குறைவு. அதனால் பெருங்காயக் கிண்ணத்தில் நெடுங்கரிசலும் நெடுங்கரிசலும் ஆட வேண்டும்.

"அது முடிஞ்சா சீசன் முடிஞ்ச மாதிரிதானே?" என்று பால்வண்ணன் கேட்டார்.

"அதோட முடிஞ்சுது சார்," என்றார் மஞ்சள் கோட்டுக்காரர்களில் மூத்தவர்.

பால்வண்ணன் வீட்டுக்குப் போய் மகனுடைய கட்டிலைத் தட்டிப்போட்டு, தலையணைக்கு உறை மாற்றினார். உலகம்மாளும் ஆட்டத்துக்கு வருகிறேன் என்றாள்.

வடக்கே வெகுதூரத்தில் ஒரு நகரத்தில் ஆட்டம். ஊரையே உட்கார வைக்கக்கூடிய அரங்கத்தில் அங்கொருவர் இங்கொருவராகக் கொஞ்சம் பேர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். தூறல் விடவே இல்லை. உள்ளூர் அணியில் நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் வரவில்லை. கிண்ண ஆட்டத்தில் அடிபட்டுக்கொள்ள வேண்டாம் என்று கால்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவது வழக்கம். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பையும் அதற்குள் ஒரு பெருங்காய டப்பாவும் கொடுத்தார்கள். வெளியூர் அணியில் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் போய் இருந்துகொள்ள வீடு எதுவும் இல்லை.

கடைசி நேரம்வரை இரண்டு அணியும் சமமாக இருந்தன. அப்போது ஆவுடையப்பனிடம் பந்து வந்தது. எல்லைக் கோட்டை ஒட்டி, பால்வண்ணன் நின்றிருந்த பக்கமாகவே ஓடி வந்தான். சேறு அவர் வேட்டியில் தெறிக்கிற அளவுக்குப் பக்கத்தில்.

"அப்பு!" என்று கூப்பிட்டார்.

அவனை நிறுத்துவதற்காக அவர் கூப்பிடவில்லை. ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடட்டும் என்றுதான் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. மைதானத்திலோ அரங்கத்திலோ அந்தப் பெயருக்கு யாரும் திரும்பவில்லை, மேலே உட்கார்ந்திருந்த உலகம்மாளைத் தவிர. அவன் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தான். வெளியூர் நெடுங்கரிசல் கிண்ணத்தை ஜெயித்தது.

வழக்கப்படி, ஜெயித்த பயிற்சியாளரின் தலையில் ஒரு அண்டா பெருங்காயத் தண்ணீரைக் கொட்டினார்கள். கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றான். அந்த வாசனை தூறலோடு சேர்ந்து அரங்கம் முழுக்கப் பரவியது. உலகம்மாள் படியிறங்கி வந்தாள். கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்த பையன்களில் ஒருவனைப் பிடித்து நிறுத்தி, முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். அவன் குனிந்து கொடுத்தான்.

"பரவாயில்ல ஆன்ட்டி," என்றான்.

"ஈரம் இருக்கு. நில்லு."

வெளியே இரண்டு பஸ்கள் நின்றன. பால்வண்ணன் மஞ்சள் கோட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போய்விடலாம்தானே என்று கேட்டார்.

"ரெண்டு அணியா வந்தாங்க, ரெண்டு அணியாத்தான் போகணும் சார். அவங்கவங்க ஊருக்கு."

"அவங்க ஊரு எது?"

"அது அவங்களுக்குத் தெரியும்."

பால்வண்ணன் மகனிடம் போனார். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, எங்க பஸ்ல இடம் இருக்கு. எங்ககூட வாரியா?"

"இல்ல சார். எங்க பஸ் அந்தப் பக்கம் நிக்கிது."

"உங்க ஊரு எது?"

"நெடுங்கரிசல் சார்."

"நாங்களும் நெடுங்கரிசல்தான்."

"தெரியும் சார்," என்றான் அவன். "நல்லா ஆடினீங்க." அவரிடம் கை நீட்டினான். பால்வண்ணன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓட்டுநர் ஒலி எழுப்புகிறவரை விடவில்லை.

அந்த பஸ் வடக்குப் பக்க வாசல் வழியாகப் போயிற்று. இவர்களுடையது தெற்கே திரும்பியது.

ஊருக்கு வந்த பிறகு சில நாட்கள் பால்வண்ணன் கல்லூரியின் பின்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் டீ வாங்கினால் அவருக்கும் ஒன்று வாங்கினார். வெளியூர் அணி பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக முதல்வர் சொல்லி அனுப்பினார். மைதானத்தில் கட்டடம் கட்டும் யோசனையும் கைவிடப்பட்டது. பொங்கல் வந்தது. உலகம்மாள் கரும்பு வாங்க வேண்டாம் என்றாள். அந்த வீட்டில் கரும்பு தின்கிறவன் ஒருத்தன்தான். கோமதிநாயகம் குடியிருந்த வீட்டில் வேறு ஆட்கள் வாடகைக்கு வந்தார்கள்.

தை மாதக் கடைசியில், மதியச் சாப்பாடு முடிந்த வேளையில் ஃபோன் வந்தது. உலகம்மாள் எடுத்தாள்.

"அக்கா, நான் ஆவுடையோட அம்மா பேசுறேன்," என்றது ஒரு பெண் குரல். கூச்சப்பட்ட குரலாக இருந்தது.

"சொல்லும்மா," என்றாள் உலகம்மாள்.

"பிள்ளை ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்கான். எதைப் பண்ணி வச்சாலும் கொறிச்சிட்டு எந்திரிச்சிருதான். உங்க ஊர்ல கொஞ்ச நாள் இருந்தானாம்லா. உங்களுக்குத் தெரியுமோன்னுதான் கேக்கேன்."

உலகம்மாள் ஃபோனோடு தரையில் உட்கார்ந்தாள். "தோசைய முறுகலாச் சுடாதம்மா. மெத்துனு இருக்கணும் அவனுக்கு. புளிக்கூட்டு வச்சா ரெண்டாவது நாள்தான் விரும்பிச் சாப்பிடுவான், அதனால மிச்சம் வையி. தலைவலின்னா வாயத் திறந்து சொல்ல மாட்டான். கதவைச் சாத்திட்டுப் படுத்திருப்பான். நாமதான் போய்க் கேக்கணும்."

"சரிக்கா." அந்தப் பெண் எல்லாவற்றையும் முணுமுணுவென்று ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது. அதற்குப் பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. உலகம்மாள் காதை அழுத்திக் கேட்டாள். பால்வண்ணனும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அங்க என்னம்மா ஒரே இரைச்சலா இருக்கு?"

"கடல்க்கா. எங்க கல்லூரியக் கடற்கரைக் கூட்டமைப்புல சேத்துக்கிட்டாங்கல்லா. போன வாரந்தான் கடலக் கொண்டாந்து விட்டுட்டுப் போனாங்க."

"அவனுக்கு நீச்சல் தெரியாதும்மா."

"இங்க யாருக்குமே தெரியாதுக்கா. அதுக்கும் எங்க ஊரு இன்னும் பழகல. இருட்டினா ஒரே சத்தம். கதவைத் திறந்து வச்சா மட்டும் வாசல்படி வரைக்கும் வந்து, சத்தம் காட்டாமக் கெடக்குது."

"அப்போ திறந்தே வையிம்மா," என்றாள் உலகம்மாள். "பாவம், புது இடம்லா."