ஒரு சதவீதச் சலுகை

பெண் பெயரில் பத்திரம் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று அரசாங்கம் அறிவித்ததும் எதிர்வீட்டுத் தங்கப்பாண்டி முந்திக்கொண்டார். அதுவரை வாடகைக்கு இருந்த வில்லாபுரத்து முக்கால் சென்ட் வீட்டையே வாங்கி, மனைவி நாகஜோதி பெயரில் கிரயம் முடித்துவிட்டு, டீக்கடை டீக்கடையாகப் போய்த் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

கை நீட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. மாதம் ஒரு தடவை அடித்து, வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார். அவள் பேரையூருக்குப் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போவாள். நாலு நாளில் தானாகவே திரும்பி வருவாள். ஒன்பது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டே நான் தையல் மிஷின் மிதிக்கிறேன். எத்தனை ஜாக்கெட்டை ஆத்திரத்தில் கோணலாகத் தைத்தேனோ, போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் உப்பு குறைந்ததாம். கன்னத்தில் ஒன்று விட்டு, என் வீட்டை விட்டுப் போடி என்று தள்ளிவிட்டார். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தவளை மறித்தேன்.

"ஏத்தா, வீடு யாரு பேருல இருக்கு?"

"எம் பேருலதான், முனீஸ்வரிக்கா."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு! வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. என்னவோ ஏதோவென்று தங்கப்பாண்டி ஜன்னலில் எட்டிப் பார்க்க, இன்னும் அடக்க முடியவில்லை. அதே சிரிப்போடு பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டோம். அதை அழுகையென்று நினைத்து, அழாதீர்கள் அம்மா, நாங்கள் இருக்கிறோம் என்று மறுமுனையில் பேசிய பெண் பதறிப்போனாள்.

மதியத்துக்குள், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலர் பவதாரிணி என் வீட்டுக்கு வந்தார். பத்திரம் தன் பெயரில் இருப்பதை நாகஜோதி மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

"பத்திரம் இல்லாட்டியும் பரவாயில்லம்மா," என்றார் அவர். "குடியிருக்கிற வீட்ட விட்டு உங்கள வெளிய தள்ள அவருக்கு உரிமை கிடையாது. சட்டம் வந்து வருசக்கணக்காச்சு."

நாகஜோதியின் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் ஒருதடவ கூடப் போயிருக்க வேண்டியதில்லையா மேடம்?"

"இல்லம்மா."

அவள் எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். தங்கப்பாண்டி திறந்து, இது குடும்ப விஷயம், நாங்களே பேசிக்கொள்வோம் என்று குழைந்தார். அவரைத் தாண்டி உள்ளே போனவள், ஃபேனைப் போட்டு, அலுவலருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எழுதிக்கங்க மேடம்," என்றாள். "முதல் அடியில இருந்து சொல்றேன்."