நீலம் போதவில்லை

என் வீட்டுக்காரரை எல்லாரும் ‘கலர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவர். சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் கலந்து கையில் கொடுத்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் நிறம் என்று வந்துவிட்டால் அவர் சொல்வதற்கு மேல் பேச்சு கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் நான் சொல்வதுதான் சட்டம். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பொய்யொன்றும் இல்லை.

நான் வேலை செய்வது எல்.இ.டி. பலகைகளைப் பழுது பார்க்கும் பட்டறையில். கடை வாசலில் எழுத்து ஓடுமே, அந்தப் பலகைகள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிவிடுவேன்: முதலில் அள, அப்புறம் கழற்று. விளக்கு மங்கிவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் திருப்புளியைத் தொடக்கூடாது.

எங்கள் கூடத்தில் அவருடைய பவளத் தொட்டி இருக்கிறது. நாலடி நீளம், உப்புத் தண்ணீர், உள்ளே பாறைகள், பாறைகளின் மேல் பவளங்கள். நடுவில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பச்சைப் பவளம் உட்கார்ந்திருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழ அளவில் வந்தது, இப்போது சோற்றுத் தட்டு அளவு. அதற்குப் ‘பெரியவன்’ என்று பேர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. “உங்க பெரியவன் சாப்பிட்டானா?” என்று நான் கிண்டலாகத்தான் கேட்க ஆரம்பித்தேன். போகப் போக நிஜமாகவே கேட்டேன்.

போன வருஷக் கடைசியில் ஒருநாள் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, தொட்டி விளக்கின் டியூப் மங்கிவிட்டது, பவளத்துக்கு வேண்டிய நீலம் போதவில்லை என்றார். மாட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் கலரே சொல்லிவிட்டாரே என்று நான் மீட்டரை எடுக்கவில்லை. வாங்கின டியூபைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன், நானே எல்.இ.டி.யில் விளக்கு செய்து தருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. பழைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய, சீப்பு மாதிரி பல் வைத்த அலுமினியத் தகடு பட்டறையில் கிடந்தது. சூடு இறங்க அதைவிட நல்லது கிடைக்காது. விளக்குகளை எப்படி அடுக்குவது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. அவர் விளக்குகளுக்குப் பதிலாக நீலமும் வெள்ளையுமான பாட்டில் மூடிகளைச் செய்தித்தாளில் பரப்பி, இரண்டு நீலத்துக்கு ஒரு வெள்ளை, இரண்டு வெள்ளை பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது, வந்தால் தண்ணீரில் திட்டுத் திட்டாக விழும் என்றார். சில மூடிகளை எடுத்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து வைத்தார். எவ்வளவு ரசனை இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

துளை போட்டு, வெப்பப் பசை தடவி, ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். ஒரு விளக்கைத் தலைகீழாக வைத்துத் தொலைத்தேன். தொடரில் ஒன்று தப்பானால் வரிசையே எரியாது. ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ் வைத்து, நகப்பூச்சால் பத்துக் கோடு போட்டேன். பவளத்துக்குப் புது வெளிச்சம் மெதுவாகத்தான் பழக வேண்டும், மூன்றாவது கோட்டில் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார் பவளம் விற்ற வளர்ப்பு மீன்கடைக்காரர். மூன்றில் வைத்து விளக்கைப் போட்டேன். தண்ணீர் முழுக்க நீலம் அலையடித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவர் மட்டும், “நல்லாத்தான் இருக்கு. நீலம்தான் இன்னும் கொஞ்சம் போதல” என்றார்.

ஏற்றினேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார், மறுபடியும் ஏற்றினேன். மீட்டரில் மின்னோட்டம் நான் கணக்குப் போட்டபடி அப்படியே நின்றது. காட்டினேன். மீட்டர் என்ன கலர் கலக்குமா என்று கேட்டார். ஏழு, எட்டு, ஒன்பது. கூடத்துக்குள் நுழைந்தால் எனக்குக் கண் கூசியது. அவர் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரியவன் வெளுக்க ஆரம்பித்தான். முதலில் உச்சியில் ஒரு காசளவு, பத்து நாளில் பாதி உடம்பு. படம் எடுத்துப்போய் மீன்கடைக்காரரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் வெந்துபோயிருக்கிறது, பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற பாசியெல்லாம் வெளியேறிவிட்டது, உடனே குறைத்தால்தான் பிழைக்கும் என்றார். யார் இவ்வளவு ஏற்றியது என்றும் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

அதே கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். அவர் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். பெரியவனைப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கிறான் என்று கத்தினேன். அவர் கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

“பச்சையாத்தானே இருக்கான்?”

வீம்புக்குப் பேசுகிறார் என்று நினைத்தேன். இன்றைக்கு இந்தக் கண்ணின் பெருமையை உடைத்துவிடுகிறேன் பார் என்று நீலக் குமிழைச் சத்தமில்லாமல் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். தொட்டியில் ஒரு பொட்டு நீலம் இல்லை. எப்படியிருக்கிறது சொல்லுங்கள் என்றேன். நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இப்பப் பரவாயில்ல. நீலம் கொஞ்சம் கூடியிருக்கு.”

மனுஷன் பார்த்துச் சொல்லவில்லை, நான் என்ன சொன்னால் சமாதானமாவேன் என்று யோசித்துச் சொல்கிறார். கட்டின புருஷனுக்கு அப்படி ஒரு பரீட்சை வைத்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காத்திருக்கும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று மாதமாக அவர் கலர் கலக்கவில்லையாம். ஒருவர் கேட்ட நீலம் பச்சையாகப் போய்விட்டதாம். அன்றிலிருந்து டப்பா எண்ணும் வேலையில் போட்டிருக்கிறார்களாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ கத்துவே” என்றார். அதற்கு நான் கத்தவில்லை.

டாக்டர் அம்மா இளவயதுக்காரி, பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது. வலி இருக்காது, அதனால் பலருக்குத் தெரியாது. சிலருக்கு நீலம்தான் முதலில் மங்கும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடலாம், அதுவும் எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது.

“ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்மா. அப்ப எதுவும் சொல்லலையா இவரு?”

சொன்னார். நீலம் போதவில்லை என்று என்னிடம்தான் சொன்னார். நான் டியூபைக் கழற்றினேன். யாரோ ஒருவருடைய கடைப் பலகையென்றால் அளந்து பார்த்திருப்பேன். டியூபில் குறையில்லை என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். இவர் கண் அவிந்துகொண்டிருந்த இரண்டு மாதமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாக ஈயம் உருக்கிக்கொண்டிருந்தேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மருந்து ஆரம்பித்தும் பார்வை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்கே அவர் ஒரே பிடியாக விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டார்.

“அதுங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வை. என் கண்ணுக்காக அதுங்களை வேக விடாதே.”

உங்களுக்குத் தெரியாதே என்றேன். தெரிந்த வரைக்கும் போதும் என்றார். மூன்றில் வைத்தேன். இரண்டு மாதத்தில் பெரியவனின் அடி மடிப்புகளில் லேசாகப் பச்சை திரும்பியது. விரலால் கண்ணாடியில் இடம் காட்டிச் சொன்னேன். அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், அன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிட்டார்.

நேற்று மத்தியானம் பட்டறைக்கு விடுமுறை. பன்னிரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோது, நீலம் அவர் முகத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது.

“மணி பன்னிரண்டு ஆயிருக்குமே. விளக்கு போடலியா?” என்று கேட்டார்.

மெதுவாகப் போய்க் குமிழ்களைப் பிடித்தேன். நாலில் வைத்தேன், ஆறில் வைத்தேன், அவர் முகம் அப்படியே இருந்தது. பெரியவன் வெந்தால் வேகட்டும் என்று இரண்டையும் பத்துக்குத் திருப்பினேன். என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

“ஆங், வந்துடுச்சு” என்று சிரித்தார். அப்புறம் சந்தேகம் வந்தவர் மாதிரி என் பக்கம் தலையைத் திருப்பினார். “மூணுலதானே வச்சிருக்கே?”

“மூணுலதாங்க” என்றேன்.