சாவியை வைத்த பிறகு

சாவியை மேஜையில் வைக்க வேண்டும், நிமிர்ந்து பார்க்க வேண்டும், "அப்பா எங்க?" என்று கேட்க வேண்டும். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. எடிட்டிங் அறைத் திரையில் அவனே அதைச் செய்துகொண்டிருந்தான். வசனம் பிசகவில்லை, முடிகூடக் கலையவில்லை. ஆனாலும் காட்சி செத்துக் கிடந்தது.

"எனக்கு வெட்ட இடமே கிடைக்கல சார்," என்றார் எடிட்டர். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் படத்தை நிறுத்தினார். "நீங்க நகரும்போது பாக்கிறவங்க கண்ணும் கூடவே ஓடும். அந்த ஓட்டத்துல அடுத்த ஷாட்டுக்குத் தாவிட்டா யாருக்கும் தெரியாது. நீங்க நடுநடுவுல நின்னுடுறீங்க. அங்க வெட்டினா நடக்கும்போது கல்லு தடுக்கின மாதிரி இருக்கு."

"நிக்கிறேனா? எங்க மேடம்?"

மறுபடி ஓட்டிக் காட்டினார். சாவியை வைத்தான்; அரை நொடி நின்றான். நிமிர்ந்தான், அரை நொடி. கேட்டான், அரை நொடி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நாளைக்கு மத்தியானம் செட்டைப் பிரிக்கிறாங்கப்பா. காலையில இன்னொரு தடவை எடுப்போம். சரியா வரலேன்னா உன் கேரக்டர் வெளியூர்லேர்ந்து போன்ல பேசிட்டுப் போயிடும். ஒரு டப்பிங் குரல் போதும்."

வசனத்தோடு அவனுக்குக் கிடைத்த முதல் வேடம் அது. அதற்கு முன்னால் சில படங்களில் கதாநாயகனுக்குப் பின்னால் தோரணையாக நின்றிருக்கிறான். அதற்கும் முன்னால், சட்டை விளம்பர மாடல்.

அந்த வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சும்மா நிற்பதுபோலத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு தாளம் உண்டு. சட்டை முன்பக்கம் கச்சிதமாக உட்காருவதற்காக முதுகில் வரிசையாகக் கிளிப் மாட்டியிருப்பார்கள். அதனால் திரும்பவே கூடாது. பெரிய ஃபிளாஷ் விளக்கு ஒருமுறை மின்னிவிட்டால் மறுபடி மின்சாரத்தை நிரப்பிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். நிரம்பியதும் பீப் என்று கத்தும். அதற்குள் மாடல் கையை மாற்றி, முகவாயை மாற்றி, அசையாமல் நின்றுவிட வேண்டும். நின்றால்தான் படம். வருடக்கணக்கில் செய்து, விளக்கின் தாளம் அவன் உடம்புக்குள் குடியேறிவிட்டது. இப்போது பீப் சத்தம் இல்லை. உடம்பு மட்டும் காத்திருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் பழகிப் பார்த்தான். வேகமாகச் செய்தால் வேகமாக நின்றான். நிலைக்கண்ணாடி முன்னால் செய்தால் இன்னும் மோசம். அதுவும் ஒரு கேமராதானே. அதன்மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தினான். பழைய போனை அலமாரியில் சாய்த்துவைத்து வீடியோவை ஓடவிட்டான். வெளியே போனான், கதவைத் திறந்து வந்தான், சாவியை வைத்தான். "அப்பா எங்க?" மறுபடியும் வெளியே போனான்.

எதிர்வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "ஏன் தம்பி, ரொம்ப நேரமா அப்பாவைத் தேடுறீங்களே... போலீசுக்குச் சொல்லிடலாமா?"

"இல்ல சார், நடிப்பு."

"ஓ, நடிகரா?" என்று அவர் வியந்தார். எதிரெதிரே இத்தனை நாள் குடியிருந்தும் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. அக்கா.

"டேய், மூக்குக்கண்ணாடிக் கடையில நிக்கிறேன். அம்மாவுக்குப் புதுசு போடணும், கடைக்காரர் பழைய பவர் கேக்கிறாரு. பழைய கண்ணாடியைப் போன தடவை உன் வீட்டுலதான் விட்டுட்டு வந்தாங்களாம். பாரு."

"எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"உனக்கென்னடா, ரோட்டோர பேனர்ல பெரிசா சிரிச்சுக்கிட்டு நிக்கிறியே. சீக்கிரம், கடை மூடப்போறாங்க."

அவன் பேசிக்கொண்டே உள்ளே வந்தான், சாவியைப் போட்டான், உள்ளறைக்குப் போனான். அம்மா படுத்த கட்டில், அவள் மடித்துவைத்த போர்வையோடு அப்படியே இருந்தது. பக்கத்து இழுப்பறையில் கண்ணாடி கிடைத்தது. அதன் கூட்டின் உள்ளே ஒட்டியிருந்த பவர் சீட்டைப் படித்துச் சொன்னான்.

"அக்கா, நாளைக்கு எனக்கு ஒரு முக்கியமான..."

"சரிடா, வெச்சுடுறேன். சாப்பிடு."

கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வீடியோவை நிறுத்த எழுந்துபோனான். ஓடவிட்டுப் பார்த்தான். முதலில் எல்லாம் அதே அரை நொடி. கடைசியில், போனும் காதுமாக ஒருவன் வந்தான். சாவி மேஜையின் ஓரத்தில் விழுந்தபோது அவன் கால் ஏற்கனவே உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது. முகம் பாதிதான் தெரிந்தது. எங்கேயும் நிற்கவில்லை. அந்தத் துண்டை அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

காலையில் செட்டுக்குள் நுழைந்ததுமே லைட்மேன் மேலிருந்து கூவினார்: "பேனர் வந்தாச்சு, ஆணி கொண்டாங்கடா!" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, கலை இயக்குநரிடம் போனான்.

"உள்ளறையில எங்கேயாவது அப்பாவோட மூக்குக்கண்ணாடின்னு ஒண்ணு வைங்க சார். எங்கேன்னு சொல்லாதீங்க."

"கேமரா அங்க வராதே. யாரு பாக்கப்போறா?"

"நான் தேடணும். அது இருந்தா அப்பா தூரம் போயிருக்க மாட்டாரு."

இயக்குநர் தோளைக் குலுக்கினார். "என்னமோ பண்ணு. ஒரே தடவைதான்."

அவன் வந்தான். சாவி விழுந்தது. "அப்பா எங்க?" என்று பாதி வழியில், யாரையும் பார்க்காமல் கேட்டபடி உள்ளறைக்குள் மறைந்தான். அங்கே யாரும் இல்லை. ஜன்னல் விளிம்பில் கண்ணாடி இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது வெளியே மானிட்டர் பக்கமிருந்து, அன்று செட்டுக்கு வந்திருந்த எடிட்டரின் குரல் கேட்டது: "இங்க வெட்டலாம். இங்கயும் வெட்டலாம்."

"ஓகே," என்றார் இயக்குநர். "போன் வேண்டாம். ஆளே இருக்கட்டும்."

நிற்காமல் இருக்க முயற்சி செய்து பயனில்லை. சாவி மேஜையைத் தொடுவதற்குள் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும், அந்த வேலை யாருக்காவது நிஜமாகவே தேவைப்பட்டதாக இருக்க வேண்டும்.