‘கத...’ வரைக்கும் கேட்ட பாட்டு

...அதே நீல அட்டைதான், அதே ஒற்றைக் காதணிப் பாடகன்தான், அடப்பாவி, இத்தனை வருஷமாக இந்தப் பழைய சாமான் கடையில் இஸ்திரிப் பெட்டிக்கும் உடைந்த மிக்ஸிக்கும் நடுவிலா உட்கார்ந்திருந்தாய்? மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குச் சின்னத் திருகாணி தேடி வந்தவள் அந்த இசைத்தட்டை உருவி எடுத்தாள், ஐம்பது வயதில் இப்படி ஓர் அவசரமா, “போட்டுக் கேக்கலாமா?” என்று கடைக்காரரிடம் கேட்ட குரல்கூடப் பதினாறு வயதுக்காரியுடையதாகத்தான் இருந்தது, அவர் இசைத்தட்டைத் துடைத்து, இவள் சொன்ன கடைசிப் பாட்டில் முள்ளை வைத்தார், கரகரப்பு... அப்புறம் அந்த கிதார்! ஐயோ, ஓர் எழுத்து மறக்கவில்லையே, நேற்று என்ன சமைத்தாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள், இது மட்டும் எந்த மூலையில் இத்தனை பத்திரமாக இருந்தது?

இசைத்தட்டு வாங்கும் வீடா அவர்கள் வீடு, தங்கைதான் தோழி வீட்டிலிருந்து கேசட்டில் பதிந்துகொண்டு வந்தாள், அட்டையை மட்டும் ஒருநாள் இரவல் வாங்கி வந்து காட்டினாள், நாடா போதவில்லை, கடைசிப் பாட்டின் கடைசி வரியில், ‘நீ வரும் நேரம் நான் கத...’, டக். பொத்தான் எழும்பிவிடும். கதவைத் திறந்தானா, மூடினானா? திறந்தான் என்பாள் இவள், மூடினான் என்பாள் தங்கை, சோற்றுக் கையோடு அதற்கொரு சண்டை, ஆனால் பாடும்போது இருவரும் ‘கத’வில் நிறுத்தி நாக்கால் ‘டக்’ போடுவார்கள், பள்ளி விழாவிலும் அப்படியே நிறுத்த, கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டமே விழித்தது... தங்கை. அவள் மகள் கல்யாணத்தில், புகைப்படத்துக்கு யார் எங்கே நிற்பது என்று வாய் தடித்து, இரண்டு வருஷமாகப் பேச்சில்லை, வெளியே சொன்னால் வெட்கக்கேடு, அவளே கூப்பிடட்டும் என்று இவளும் வீம்பாக இருந்தாயிற்று. ஆனால் இதை வேறு யாரிடம் சொல்ல? கணவரிடம் சொன்னால், “நல்ல பாட்டா?” என்பார்.

இரண்டாம் சரணம் வந்துவிட்டது, இப்போதே கூப்பிட்டால்தான் உண்டு, விரல் தானாக எண்ணைத் தேடியது, எடுக்க மாட்டாள், ரோஷக்காரி, எடுக்காவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு... எடுத்துவிட்டாள்! ஹலோகூடச் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை, போனைக் காதில் வைத்தபடி ஒலிபெருக்கியோடு ஒட்டிக் குனிந்து நின்றாள், அங்கேயும் கேட்கட்டும், கேட்கிறதா, வருகிறது, இதோ, ‘நீ வரும் நேரம் நான் கத...’

‘டக்.’

போனுக்குள்ளிருந்து, தங்கையின் நாக்கு! இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பொங்கியது, காதை இன்னும் அழுத்தினாள், மூக்கை உறிஞ்சும் சத்தம், அவளும் அழுகிறாளா, சிரிக்கிறாளா, மகாராணிக்குச் சளி பிடித்திருக்கிறதா... பாட்டு எப்போது முடிந்ததோ, முள் சும்மா உரசிக்கொண்டிருந்தது.

“அக்கா... தொறந்தானா, மூடினானா?”

கேட்கவே இல்லையே! இத்தனை வருஷம் காத்திருந்த வரி காதோரம் ஓடிப் போயிருக்கிறது, இவள் கேட்டது அந்த ‘டக்’கை மட்டும்தான்.

“தெரியலடி,” என்றாள். “போனை வெச்சிடாத, மறுபடி போடச் சொல்றேன்.”